சுண்ணாம்பு பூசிய முளைகள்

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் கனகசிங்கத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கெம்பஸில படிக்கிறா" என்பார். அதற்குமேல் அவரிடம் ஒரு சொல் வாங்க ஏலாது. அடுத்த கேள்வி வருமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நினைப்பு அவருக்கு வந்துவிடும். ஒரு குமர்ப்பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் வைத்து ஓடவும் பாயவும் பழக்குகிறார்கள், பிறகு அதை மற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கவும் பழக்குகிறார்கள், போதாததற்குச் சோதினையும் வைக்கிறார்கள் என்பதை ஆத்திமடு வட்டையில், அந்த வயல்வெளியில், நாலு பேர் நடுவே நின்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டொக்டருக்குப் படிக்கிறாள் என்றால் சொல்லலாம். கிளாக்கருக்கென்றாலும் சொல்லலாம். பீ.ரீ. ரீச்சருக்கு என்று எப்படிச் சொல்வது?

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் மாலை சைக்கிள் கரியரில் ஒரு கட்டு முளைகளைக் கட்டிக்கொண்டு வந்து, "இந்தா புள்ள, உன்ட ஓட்டத்துக்கு" என்று முற்றத்தில் இறக்கியபோது யசோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணிப் பார்த்தாள். இருபத்து நாலு. எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன், அடி கூராகச் சீவியது. தலையிலிருந்து பாதிவரை சுண்ணாம்பு பூசியிருந்தது. அது இன்னும் காயவில்லை.

"எங்காலப்பா இவ்வளவு வடிவான கம்பு?"

"வட்டையில கிடந்த. கம்பு வேணுமெண்டாய், கொண்டந்து தந்தாச்சி. மறுகா என்ன விசாரணை?"

"கேட்டா சொல்லுங்களன்" என்றாள் தாய் இரத்தினம்மா குசினிக்குள்ளிருந்து. கூனி இறாலை வறுத்துக்கொண்டிருந்தாள். வாசம் படலைவரை வந்தது. "புள்ளைக்கு ஒரு நாளும் ஒரு பென்சில் வாங்கிக் குடுக்காத மனிசன், இண்டைக்கு என்ன வந்த?"

"நீ சும்மா பறையாத. நாளைக்கு வெள்ளென நான் வட்டைக்குப் போகணும். ஏறாவூர் நௌஷாட் மெசினோட வாறான், வைக்கோல் ஏத்த. சோத்தக் கட்டி வை."

சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். யசோதினி அன்றைக்கு வேறொன்றும் கேட்கவில்லை. அப்பா தன் படிப்புக்கு முதன்முதலாக ஒன்று செய்திருக்கிறார், அதைக் கிண்டிக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவளுக்குக் கடைசி மதிப்பீடு. கிரானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள் ஆறு மாதமாகக் கற்பித்தல் பயிற்சி செய்துவந்தாள். விளையாட்டுச் சாமான் என்று அங்கே இருந்தது காற்றுப்போன ஒரு வலைப்பந்து மட்டும். பாதை கீறச் சுண்ணாம்பு அவளே வாங்கினாள். அளக்கும் நாடாவைப் பல்கலைக்கழகத்தில் கையெழுத்து வைத்து எடுத்தாள். வளைவில் நடுவதற்கு முளைகள்தான் கிடைக்காமல் இருந்தன. ஏற்கெனவே இடப்பெயர்வில் அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. எல்லாரும் சோதினை எழுதும்போது அவள் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே தண்ணீர் வரிசையில் நின்றாள். இந்த முறை தவறினால் இன்னும் ஒரு வருடம். நியமனப் பட்டியல் இந்த அணியோடு மூடப்படும் என்றும் பேச்சு அடிபட்டது.

காலையில் மாசிப் பனி கொட்டியிருந்தது. புட்டும் கூனியும் இரண்டு வாய் வைத்துவிட்டு, முளைக் கட்டோடு சைக்கிளில் புறப்பட்டாள். பாலத்தடி இராணுவச் சென்றியில் அடையாள அட்டையையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் காட்டினாள். அங்கே நின்றவன் கட்டைப் பார்த்தான், கடிதத்தைப் பார்த்தான், போகச் சொன்னான். வன்னியில் நடக்கும் சண்டையைச் சென்றிக்குள் ஒரு ரேடியோ சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் கையில் என்ன இருக்கிறது என்பதற்குக் கடிதம் இல்லாமல் யாரும் பாலம் கடப்பதில்லை.

ஏழரைக்கெல்லாம் வளைவு இரண்டையும் கீறி, முளைகளை நட்டு முடித்துவிட்டாள். எட்டு மணிக்கு மர்சூக் சேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏறாவூர்க்காரர், விரிவுரையாளர், சிரிக்கவே மாட்டார். மைதானத்தில் கீறிய கோடு விரற்கடை பிசகினாலும் காலால் அழித்துவிட்டுத் திரும்பக் கீறச் சொல்கிறவர். அவர் வளைவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எதையும் அழிக்கவில்லை. வேப்பமரத்தின் கீழ்க் கதிரை போட்டு உட்கார்ந்து, மதிப்பீட்டுத் தாளை மடியில் வைத்தார்.

"தொடங்குங்க புள்ள. நாப்பது நிமிசம்."

அஞ்சலோட்டம், கோல் மாற்றுவது. ஆண்டு ஒன்பது, இருபத்தெட்டுப் பிள்ளைகள். உடலைச் சூடாக்கும் பயிற்சி நன்றாக நடந்தது. நடந்து கோல் மாற்றினார்கள், பிறகு மெல்ல ஓடி மாற்றினார்கள். யசோதினியின் குரல் நடுங்கவில்லை. சேர் இரண்டு தடவை பேனையை எடுத்தார், இரண்டு தடவையும் குறையாக எழுதுவது போலத் தெரியவில்லை. இருபது நிமிடத்தில் அவள் ஊதலை ஊதி முதல் ஓட்டத்தை விட்டாள்.

மூன்றாவதாகக் கோலை வாங்கிய பிள்ளை வளைவில் பாய்ந்து வந்தாள். வந்தவள் பாதிவழியில் நின்றாள். அவள் நின்றது களைப்பில் அல்ல. ஒரு காலை முன்னே வைத்தபடி, கையில் கோலோடு, அசையாமல் நின்றாள்.

"மிஸ்! சிவப்பு!"

அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்தவர்கள், அடுத்த கோலுக்குக் கை நீட்டியிருந்தவர்கள், ஓரத்தில் நின்று கத்தியவர்கள், அத்தனை பேரும் நின்ற நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு சத்தமில்லை. இரண்டு கிழமைக்கு முதல் அவர்களுக்கு அதைப் பழக்கியவள் யசோதினிதான். கண்ணிவெடிப் பாடமும் பீ.ரீ. ரீச்சர் தலையில்தான் விழும். சிவப்புத் தலை முளையைக் கண்டால் அசையாமல் நில், கத்திச் சொல், வந்த அடியிலேயே திரும்பு என்று அவளே கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருந்தாள்.

அவள் வளைவைப் பார்த்தாள். பனி இறங்கி, ஓடிய பிள்ளைகளின் கை பட்டு, சுண்ணாம்பு வழிந்திருந்தது. ஒன்று, இரண்டு, அதற்கப்பால் இன்னும் ஐந்தாறு. எல்லாவற்றின் தலையிலும் சிவப்புப் பெயின்ட்.

அப்பா சொன்னது யசோதினிக்கு நினைவுக்கு வந்தது. வட்டையில் கிடந்த கம்பு!

அவர்களுடைய இரண்டு ஏக்கரில் ஒரு பாதிதான் விதைத்த வயல். மற்றப் பாதி பழைய சண்டைக்கால மண்ணணையை ஒட்டிக் கிடந்தது, அதற்குள் கண்ணிவெடி. வெடி அகற்றுகிறவர்கள் நடுவிலே சிவப்பு முளைகளை வரிசையாக நட்டுவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்ப்பதாகச் சொல்லி அடுத்த வட்டைக்குப் போயிருந்தார்கள். அந்த வரிசையைத்தான் அப்பா பிடுங்கிச் சுண்ணாம்பு பூசித் தந்திருக்கிறார். இப்போது அங்கே நௌஷாட்டின் உழவு மெசின் போகப்போகிறது.

உடனே ஓடிப்போய் அந்த முளையைப் பிடுங்கி எறிந்து, ஒன்றுமில்லை, ஓடுங்கள் என்று சொல்ல அவளுக்குக் கை துடித்தது. சொன்னால் பாடம் தப்பும். ஆனால் சிவப்பு முளையைப் பிடுங்கலாம் என்று இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கண்ணால் பார்த்துப் படித்துவிடும். அவற்றில் பாதிப் பிள்ளைகளின் வீடு பாலத்துக்கு அப்பால், வெடி கிடக்கும் பக்கம்.

"ஒருத்தரும் அசைய வேணாம்" என்றாள். "நல்ல வேலை செய்தீங்க. இப்ப வந்த அடியில, ஒவ்வொருத்தராத் திரும்பி மரத்தடிக்கு வாங்க. அவசரமில்ல."

பிள்ளைகள் குனிந்து தங்கள் அடியைத் தேடித்தேடிப் பின்னால் வந்தார்கள். வெறும் பள்ளிக்கூட மைதானம்தான், ஒரு ஆபத்துமில்லை. ஆனாலும் கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை அவளுக்கு மூச்சு வரவில்லை. பத்து நிமிடம் போயிற்று. மர்சூக் சேர் கதிரையிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

"இது உங்கட பாடத்திட்டத்தில இரிக்கா?"

"இல்ல சேர்." அவருக்குப் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். மறைக்க வேண்டுமென்றுதான் நினைத்தாள், வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "இது கண்ணிவெடிக்காரர்ர முளை சேர். அப்பா எங்கட வயல்ல இருந்து புடுங்கிக் கொண்டந்திரிக்கார். எனக்கு இப்பதான் தெரியும். அங்க இண்டைக்கு வைக்கோலுக்கு மெசின் வருது. நான் போகணும்."

"இத வெளியில செல்லினா உங்கட வாப்பாவ என்ன செய்வாங்க எண்டு தெரியுமா?"

"தெரியும் சேர்."

"பாடம் முடிய இன்னம் பத்து நிமிசம் இரிக்கி. புள்ளைகள்ர நெஞ்சு இன்னம் அடிச்சிக்கிட்டு இரிக்கி, இறக்கி முடிக்கல்ல. நடுவில விட்டுட்டுப் போனா பாடம் பூரணமில்ல எண்டுதான் நான் எழுதுவன். வேற ஒண்டும் எழுத ஏலா."

"எழுதுங்க சேர்."

அவர் பேனையை மூடினார். "மெசின்காரன் எந்த ஊர்?"

"ஏறாவூர், சேர். நௌஷாட் எண்டு."

மர்சூக் சேர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வட்டமா நில்லுங்க. கைய மேல தூக்கி மெல்ல மூச்ச இழுங்க." பிறகு அவளைப் பார்க்காமலே, "கெதியாப் போங்க புள்ள" என்றார்.

முளைகளைப் பிடுங்கிக் கட்டியபோதுதான் சென்றி நினைவுக்கு வந்தது. சிவப்புத் தலையோடு பாலம் கடக்க ஏலாது. கோடு கீறிய மிச்சச் சுண்ணாம்பு வாளியில் கிடந்தது. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டோடு தலைகீழாக அதற்குள் அமிழ்த்தி எடுத்தாள். அப்பா செய்த களவையே தானும் செய்கிறாளே என்று அவமானமாக இருந்தது. பெடலை மிதிக்க மிதிக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் பின்சில்லில் வழிந்தது.

சென்றியில் ஆள் மாறியிருந்தான்.

"மொக்கத மே?" என்று, இது என்ன என்பதுபோலக் கட்டைக் காட்டிக் கேட்டான்.

"ஸ்போட்ஸ். ஸ்கூல்." கடிதத்தை நீட்டினாள். மற்றக் கையால் ஹான்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

அவன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு முளையின் தலையைப் பிடித்துத் திருகினான். உள்ளங்கை முழுக்க ஈரச் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது. முகத்தைச் சுளித்து, கையை மண்மூட்டையில் தேய்த்தான். தேய்த்த கையைப் பார்த்தானே தவிர முளையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு கீற்றுச் சிவப்பு அவன் கண்ணில் பட்டிருக்கும்.

"யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

வட்டைக்கு அங்கிருந்து மூன்று மைல். வெயில் ஏறிவிட்டது. அறுத்த வயல்களில் மாடுகள் அவிழ்த்துவிட்டபடி மேய்ந்தன. யசோதினிக்கு அக்காவின் நினைப்பு வந்தது, வராமல் எப்படி இருக்கும். வதனி கலியாணம் முடித்துக் கடற்கரை ஊருக்குப் போய் ஏழு மாதம்தான். சுனாமியன்று கடல் உள்வாங்கியபோது கரையூர்ப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயற்காட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியவில்லை. மணலில் துள்ளிய மீனைப் பார்க்க இறங்கிப் போனாள். கடலை அறிந்தவர்களுக்கு அறிவித்தல் தேவைப்படவில்லை, அறியாதவளுக்குச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தச் சாவை நினைத்து இன்னமும் சோற்றில் கை வைத்தபடி அழுகிற அப்பாதான் இந்த முளைகளைப் பிடுங்கியிருக்கிறார். யசோதினிக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

வாய்க்கால் திருப்பத்தில் மெசின் சத்தம் கேட்டது. நௌஷாட் வைக்கோல் ஏற்றும் பெட்டியோடு மெசினை எடுத்து, வயலின் கண்ணிவெடிப் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு மனிதர் கோவணத்தோடு நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினார். மெசின் அவரைச் சுற்றிப்போக வளைந்தது. முன்சில்லுக்கும் புல் முளைத்த தரைக்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை.

சைக்கிளை அப்படியே போட்டாள். கூப்பிட்டால் கேட்காது. கழுத்தில் ஊதல் கிடந்தது. வாயில் வைத்து, உள்ளே இருந்த மூச்செல்லாம் போகும்வரை ஊதினாள். ஊதிக்கொண்டே ஓடினாள்.

மெசின் குலுங்கி நின்றது.

"இறங்க வேணாம்! அப்பிடியே பின்னுக்கு எடுங்க! வந்த தடத்தில!"

நௌஷாட்டுக்கு விளங்கவில்லை, ஆனால் ஊதலுக்குப் பணிந்தான். மெசின் வந்த தடத்திலேயே பின்வாங்கி வரம்பருகில் நின்றது.

"உங்கட வாப்பாக்கு என்ன நடந்த தங்கச்சி?" என்றான் அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "சாரத்தக் கழட்டிக் கிழிச்சிக் கம்பில கட்டிப்போட்டு நிக்கிறார். கேட்டா பாம்பு கிடக்காம். பாம்புக்கு மெசின் பயப்புடுமா?"

"பாம்பில்லண்ணன். கண்ணிவெடி."

நௌஷாட் புல்தரையைப் பார்த்தான். பிறகு மெசினின் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

கனகசிங்கத்தாரின் சட்டையும் சாரமும் நாடா நாடாவாகக் கிழிந்து, ஏழெட்டுக் கம்புகளில் தொங்கின. மற்ற இடமெல்லாம் மொட்டைக் கம்புகள் சாய்ந்து கிடந்தன. அவர் நின்றது இருந்ததிலேயே அகலமான இடைவெளி.

"குழை கட்டித்தான் வச்ச மகள்" என்றார். "சும்மா விட்டுட்டு வரல்ல. முளை புடுங்கின இடத்துக்கெல்லாம் கம்பு நட்டு, ஒவ்வொண்டிலயும் குழை கட்டித்தான் வச்ச. குழையக் கண்டா இந்த வட்டையில ஆரு உள்ளுக்குப் போவான்? ஏறாவூரானுக்கும் தெரியும். விடிய வந்து பாத்தா ஒரு இலை இல்ல. மாடு திண்டிட்டு."

"என்ன குழையப்பா கட்டின?"

அவர் தலையைக் குனிந்தார். "பூவரசு."

எருக்கலை கட்டியிருந்தால் எந்த மாடும் மோந்துகூடப் பார்த்திராது. ஐம்பது வருடம் மாட்டோடு கிடந்த மனிதர் அவசரத்தில் கைக்கெட்டிய பூவரசை ஒடித்திருக்கிறார். மகளின் ஓட்டத்துக்குச் சுணங்கிவிடும் என்ற அவசரம்.

"விட்டுட்டு உன்னட்ட வரவும் ஏலா. வந்தா இவன் மெசின விட்டிருவான். என்ட வயல்தானே, எங்க என்ன கிடக்கு எண்டு எனக்குத் தெரியாதா எண்டு நினைச்சன். எனக்குத் தெரிஞ்சி என்ன, மத்தவனுக்குத் தெரியணுமே." முகத்தை மறுபக்கம் திருப்பினார். "அண்டைக்கு அவளுக்கும் ஆரும் சொல்லல்ல."

கோபத்தில் பேச வைத்திருந்ததெல்லாம் யசோதினிக்கு மறந்துபோயிற்று. தன் கழுத்துத் துவாயை எடுத்து அவரிடம் கொடுத்தாள், அவர் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டார். பிறகு வாய்க்கால் தண்ணீரில் முளைகளின் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவினாள். சிவப்புத் தெளிந்து வந்தது. வெடி அகற்றிச் சுத்தமாக்கிய பக்கத்தில் முழந்தாளில் இருந்து, அப்பாவின் கம்புகளைப் பிடுங்கிவிட்டு, பழைய குழிகளில் ஒவ்வொன்றாக இறக்கினாள். குழி இருந்ததால் இருபத்து மூன்றும் சரியாக இறங்கின. கடைசி ஒன்றுக்குக் குழி இல்லை. மாடு மிதித்து மூடியிருந்தது.

"இங்கினதான்" என்று கனகசிங்கத்தார் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"நில்லுங்க!"

அவர் நின்றார். அந்த வரம்பில் அவரை யாரும் அப்படி அதட்டியதில்லை.

"அப்பா, வடிவாத் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார், மண்ணணையைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். "தெரியா மகள்" என்றார்.

யசோதினி பின்னால் வந்து, முதல் முளையின் தலைக்கு நேரே ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் ஒரே நேர்கோட்டில் மறைந்தன. முளைக்கு முளை அவளுடைய அடியில் ஐந்து. மைதானம் கீறிக் கீறிப் பழகிய அடி, கூடவும் குறையவும் மாட்டாது. இருபத்து மூன்றாவதிலிருந்து சுத்தமான பக்கத்தால் ஐந்து எண்ணி, கோட்டிலிருந்து ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி, கடைசி முளையை அடித்தாள். பிறகு வந்த அடியிலேயே திரும்பினாள். அப்பா அவளுக்குப் பின்னால், அவள் வைத்த அடியில் தன் காலை வைத்து வந்தார்.

"முடிஞ்சிதானே?" என்றார் வரம்பில் ஏறி. "இனி ஒருத்தருக்கும் சொல்லத் தேவல்ல."

"சொல்லத்தான் வேணும். நான் கண்ணால பாத்து நட்டது. அவங்க வெடி தேடுற கருவி வச்சிப் பாக்கணும்."

"என்னக் கொண்டு போவாங்க புள்ள."

இந்த மாதத்தில் இப்படிக் கொண்டுபோன எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நௌஷாட் தன் மாற்றுச் சாரத்தை மெசின் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினான். கனகசிங்கத்தார் அதை வாங்கிக்கொண்டார். உடுத்ததும், "வா" என்று அவரே முன்னால் நடந்தார்.

வெடி அகற்றுகிறவர்களின் கூடாரம் ரோட்டோரத்தில் இருந்தது. அவர்களுக்குப் பொறுப்பானவன் திவாகரன், முப்பது வயதிருக்கும், தமிழ்ப் பிள்ளை. கதையைக் கேட்டு முடிக்காமலே தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கூட வந்தான். வரிசை நெடுக மெல்ல நடந்து, தன் படத்தை விரித்து ஒவ்வொரு முளையாகச் சரிபார்த்தான். அரை மணித்தியாலம் பிடித்தது. கடைசி முளையில் குந்தியிருந்து நாடாவைப் போட்டான்.

"இது மட்டும் ஒரு முழம் இஞ்சால இரிக்கு. பாதுகாப்புக்குத் தள்ளி வச்சிரிக்கு, இடைவெளி பிசகல்ல. தெரிஞ்ச ஆள்தான் நட்டிரிக்கு." எழுந்து கொப்பியைத் திறந்தான். "ஆரு புடுங்கின?"

யசோதினி வாயைத் திறந்தாள். மாடு, காற்று, தெரியாது, எதையாவது சொல்லிவிட அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"நான்" என்றார் கனகசிங்கத்தார். "கந்தப்பர் கனகசிங்கம்."

திவாகரன் எழுதினான். "நான் மேல அறிவிக்கத்தான் வேணும், ஐயா. நாளைக்குக் காலமை வந்திருங்க. நீங்களா வந்து சொன்ன எண்டும் எழுதுறன்." பேனையைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டான், "ஆரு திரும்ப நட்ட?"

கனகசிங்கத்தார் தொண்டையைச் செருமினார். வரம்பில் நௌஷாட் நின்றான், அவனோடு வந்த இரண்டு பேர் நின்றார்கள், வேடிக்கை பார்க்க அயல் வயற்காரர் நாலைந்து பேரும் வந்து கூடியிருந்தார்கள்.

"என்ட மகள்" என்றார், எல்லாருக்கும் கேட்க. "பீ.ரீ. ரீச்சர்."

திவாகரன் அதையும் அப்படியே எழுதிக்கொண்டான். அதற்கு இன்னும் ஒரு வருடம் கிடக்கிறது என்று யசோதினி திருத்தவில்லை.